மலிவு; ஆனால் மணி சரி!

"கைப்பேசியிலே மணி தெரிகிறதே, கையிலே கடிகாரம் எதற்கு?" என்று கேட்கிறார்கள் சிலர். கேட்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாள் முழுவதும் கைப்பேசியைக் கையோடு வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்கள். அனுமதி என்ற சொல்லை அறிந்தேதான் போடுகிறோம். வாயிலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை உள்ளே அனுப்பும் தொழிற்கூடங்கள் உண்டு என்பதை, ஷிப்டுக்குச் செல்லும் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போனவனுக்கு மணி காட்டுவது எது? சுவரிலே தொங்கும் கடிகாரம். அதை மாட்டியவர் யார்? முதலாளி. அதற்குச் சாவி கொடுப்பவர், முள்ளைத் திருப்புபவர், மின்கலம் மாற்றுபவர் யார்? அவரது ஆள்!

நம் கையிலே ஒரு கடிகாரம் இருந்தால், சுவர்க் கடிகாரம் பொய் சொல்லத் தயங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள்ளே இருநூறு ஆண்டுக் கதை அடங்கிக் கிடக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டிலே டண்டி என்றொரு நகரம். நார் நூற்கும் ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். அங்கே ஆலையிலே உழைத்த சிறுவன் ஒருவனின் வாழ்க்கையைக் கூறும் நூல் 1850 இல் வெளிவந்தது. அதிலே வரும் செய்தி இது: காலையிலே கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பார்களாம், மாலையிலே பின்னே இழுத்துவைப்பார்களாம். வருகிறவன் தாமதமாக வந்தவன் ஆகிறான். போகவேண்டியவனுக்கோ நேரம் இன்னும் ஆகவில்லை! தொழிலாளர்கள் இதை அறிந்தே இருந்தனர். அறிந்து என்ன பயன்? சட்டைப் பையிலே சொந்தக் கடிகாரம் கொண்டுவர அஞ்சினர். மணி தெரிந்தவன் என்று பேர் எடுத்தால் வேலை போகும்! கத்தி வைத்திருந்தான் என்று ஆளை விரட்டுவது உண்டு. கடிகாரம் வைத்திருந்தான் என்று விரட்டிய காலமும் இருந்தது, தோழர்களே.

இங்கிலாந்துச் சர்க்கார் இன்னொரு வேலை செய்தது. 1797 இல் பிரதமர் பிட், கடிகாரத்துக்கே வரி போட்டார். தங்கக் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங். வெள்ளி முதலிய மற்ற உலோகத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். வீட்டுக் கடிகாரத்துக்கு 5 ஷில்லிங். மக்கள் கடிகாரம் வாங்குவதை நிறுத்தினர்; கடிகாரம் செய்வோர் வேலையின்றித் திண்டாடினர்; மறு ஆண்டே, 1798 இல், வரி ஒழிந்தது. மணி பார்ப்பதற்கும் வரி கட்டு என்று கேட்கத் துணிந்தவர்கள் மூச்சு விடுவதற்கு மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ, தெரியவில்லை.

நம் நாட்டுக் கதையும் பெரிதாக மாறுபட்டதல்ல. கைக்கடிகாரம் என்பது மாப்பிள்ளை முறுக்கின் ஒரு பகுதி. மோதிரம், கடிகாரம், சைக்கிள் என்று பெண்ணைப் பெற்றவன் கழுத்திலே பட்டியல் தொங்கும். கடிகாரம் வந்தால்தான் தாலி ஏறும் என்று அடம்பிடித்த வீரர்களுக்கு அதிலே மணி பார்க்கத் தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி! நம் தந்தையர் காலத்திலே, சென்னை பர்மா பஜாரிலே 'பாரின் சாமான்' என்று பேரம் பேசி எண் காட்டும் கடிகாரம் வாங்கினார்கள். வளைகுடா நாட்டிலே வெயிலிலே வெந்து ஊர் திரும்பியவர், பெட்டியிலிருந்து எடுத்துத் தம்பிக்குக் கட்டிவிட்டது அது. முள் இல்லை, சாவி இல்லை; எண் மட்டும் துள்ளுகிறது என்று தெருவே கூடிப் பார்த்தது.

இப்போது நாம் பேச எடுத்துக்கொண்ட சரக்குக்கு வருவோம். கறுப்புப் பட்டை, உள்ளங்கைக்குள் மறையும் சிறு முகம், சாம்பல் தளத்திலே கறுப்பு எண்கள். எடை 21 கிராம். தடிமன் 8.5 மில்லி மீட்டர். சட்டைக் கைக்குள்ளே நழுவிக்கொள்ளும். காசியோ எஃப்-91டபிள்யூ என்று பெயர். பெயரா அது? பஸ் நம்பர் போல இருக்கிறது! 1989 இல் கடைக்கு வந்தது. வரைந்தவர் ரியூசுகே மொரியாய் என்ற ஜப்பானிய இளைஞர். அந்த நிறுவனத்திலே அவர் செய்த முதல் வேலையே அதுதான். அன்று முதல் இன்றுவரை ஏறத்தாழ அதே உருவத்தில் விற்பனையாகிறது. இப்போது பட்டணத்து இளைஞர்கள் 'பழைய பாணி' என்று தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டட்டும், மகிழ்ச்சி! ஆனால் பழைய பாணி என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. காவலாளியும் பஸ் டிரைவரும் கட்டட மேஸ்திரியும் எப்போது அதைக் கழற்றினார்கள், இப்போது அது திரும்பி வந்தது என்று சொல்ல?

இந்த எண் கடிகாரம் முதலில் யாருக்காகப் பிறந்தது தெரியுமா? சீமானுக்காக! 1972 இல் அமெரிக்காவிலே ஹாமில்டன் நிறுவனத்தார் பல்சர் என்ற பெயரில் எண் காட்டும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பதினெட்டு காரட் தங்கம். விலை 2,100 டாலர். சிவப்பு விளக்கொளியிலே எண் தெரியும். ஆனால் அந்த ஒளி மின்சாரத்தைக் குடிக்கும் குடிகாரன். எப்போதும் எரியவிட்டால் மின்கலம் தாங்காது. ஆகையால் முகம் இருண்டே கிடக்கும். பொத்தானை அமுக்கினால்தான் மணி தெரியும். ஒரு கையிலே கட்டவேண்டும், மறு கையால் அமுக்கவேண்டும். இரண்டு கையும் சும்மா இருப்பவன் கட்டவேண்டிய கடிகாரம் அது! ஒரு கையிலே சாந்துச் சட்டி, இன்னொரு கையிலே ஏணி என்று நிற்கும் நம் தோழன் அதை எப்படி அமுக்குவான்? 1973 இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்திலே கதாநாயகன் அதைக் கட்டிக்கொண்டு வந்தான், அவனுக்குப் பொருத்தந்தான்.

தங்கம் நெடுநாள் கொலுவிருக்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனம் பிளாஸ்டிக்கிலே செய்து, 1976 இல் 20 டாலருக்குக் கீழே கொடுத்தது. அடுத்த ஆண்டே 10 டாலருக்குக் கீழே! இரண்டாயிரத்து நூறு எங்கே, பத்து எங்கே! ஐந்தே ஆண்டுகளில் அரண்மனையிலிருந்து அங்காடிக்கு இறங்கிவிட்டது.

இறங்கியது எப்படி? இதைச் சற்று நின்று விளக்க விரும்புகிறோம். ஏனென்றால், 'மந்திரம் போல் ஓடுகிறது' என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கம் நம் நாட்டிலே அதிகம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. உள்ளே படிகக்கல் ஒன்று இருக்கிறது, குவார்ட்ஸ் என்பார்கள். மணலிலே கலந்திருக்கும் அதே பொருள்தான். அதை இசைக்கவைபோல் இரு கால் வைத்துச் சிறிதாக வெட்டி, மின்சாரம் ஊட்டினால் துடிக்கும். வினாடிக்கு 32,768 முறை துடிக்கும்படி வெட்டியிருக்கிறார்கள். ஏன் அந்தக் கணக்கு? 32,768 ஐப் பாதியாக்குங்கள். வந்ததை மீண்டும் பாதியாக்குங்கள். இப்படிப் பதினைந்து முறை செய்தால் மிஞ்சுவது சரியாக ஒன்று! அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. பாதியாக்கும் வேலையை நகக்கண் அளவு சில்லு ஒன்று ஓயாமல் செய்கிறது. பல்சக்கரம் இல்லை, வில் இல்லை, எண்ணெய் இல்லை, தேய்மானம் இல்லை.

சிவப்பு விளக்குக்குப் பதிலாக வந்தது திரவப் படிகம். இது ஒளி தராது. வரும் ஒளியை விடுவதா, தடுப்பதா என்பதை மட்டும் பார்க்கும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அந்தத் திரவம். மின்சாரம் படும் கோடு கறுக்கும், படாத கோடு மறையும். ஓர் எண்ணுக்கு ஏழு கோடு. ஏழும் கறுத்தால் எட்டு. காய்கறிக் கடைக் கணக்குப் பொறியிலே நீங்கள் பார்க்கும் எட்டுதான். விளக்கெரிக்கும் செலவு இல்லாததால், 20 மில்லி மீட்டர் அகலமும் 1.6 மில்லி மீட்டர் தடிமனும் உள்ள ஒரு மின்கலம் ஏழாண்டுக் காலம் தாங்கும் என்கிறார்கள் செய்தவர்கள். கடிகாரம் மெலிந்ததன் ரகசியமும் இதுதான்: உள்ளே இருக்கும் மின்கலமே பழைய ஒரு ரூபாய் நாணயம் போல மெலிந்தது. அமுக்கவும் வேண்டாம். எந்நேரமும் எண் தெரியும்; ஏணியிலே நின்றாலும் தெரியும்.

காசியோ என்ற பெயருக்குப் பின்னாலும் ஒரு பாட்டாளி நிற்கிறார். கஷியோ டடாவோ என்பவர் லேத் வேலைக்காரர். 1946 இல், குண்டு விழுந்து கருகிக் கிடந்த டோக்கியோ நகரிலே, சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து நின்றவர்கள் உடன்பிறந்த தம்பியர் மூவர். அவர்கள் முதலில் சம்பாதித்தது கடிகாரத்தால் அல்ல. சிகரெட்டைச் செருகிக்கொள்ளும் ஒரு மோதிரத்தால்! சிகரெட்டுக்குப் பஞ்சம், கடைசித் துண்டு வரை, கை வேலையை விடாமலே புகைக்கலாம் என்று வாங்கினர் மக்கள். (புகைப்பதை நாம் ஆதரிப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம்.) அந்தக் காசைப் போட்டுக் கணக்குப் பொறி செய்தனர். 1957 இல் வெளிவந்த அந்தப் பொறியிலே 342 ரிலேக்கள். ஒரு மேசை அளவு! பிறகு மேசை சுருங்கிச் சட்டைப் பைக்குள் வந்தது. 1974 இல் மணிக்கட்டுக்கு வந்தது. தம்பியருள் ஒருவரான டோஷியோவின் எண்ணம் இது: நேரம் என்பது என்ன? ஒரு வினாடியோடு ஒரு வினாடியைக் கூட்டிக்கொண்டே போவதுதானே! கூட்டல் நமக்குத் தெரிந்த தொழிலாயிற்றே! ஆக, நாம் கட்டியிருப்பது கடிகார வேடம் போட்ட கணக்குப்பிள்ளை.

கணக்குப்பிள்ளை எவ்வளவு நாணயமானவன்? மாதத்துக்கு முப்பது வினாடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ மாட்டான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சுவிட்சர்லாந்துக்குப் போவோம். அங்கே உயர்தரமான சாவிக் கடிகாரங்களைச் சோதித்து, 'குரோனோமீட்டர்' என்று சான்றிதழ் தருகிறது ஒரு நிலையம். சான்றிதழ் பெற என்ன தகுதி? சராசரியாக நாளுக்கு நான்கு வினாடி வரை பிந்தலாம், ஆறு வினாடி வரை முந்தலாம்! அந்தச் சான்றிதழோடு வரும் கடிகாரத்தின் விலை, நம்மிலே பலர் வீடு கட்ட வாங்கும் கடனுக்குச் சமம். நம் கறுப்புப் பட்டைக்காரனோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்ற அளவிலே கிடைக்கிறான். இலட்சம் கொடுத்தவன் மணி பார்த்து, ஆயிரம் கொடுத்தவனிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்! அழகுக்காகவும், கைவேலை நுட்பத்துக்காகவும் இலட்சம் கொடுக்கிறேன் என்றால், கொடுங்கள் ஐயா, அது உங்கள் பணம். மணி சரியாகக் காட்டுகிறது என்பதற்காகக் கொடுத்தேன் என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

புகழ்ந்துகொண்டே போவது நம் நோக்கமல்ல, குறைகளும் இருக்கின்றன. இரவிலே பார்க்க ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். முகத்தின் இடது ஓரத்திலே பச்சையாக மினுக்கும். மின்மினிப் பூச்சி வெட்கப்படுவது போன்ற வெளிச்சம்! பாதி எண் தெரியும், மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும். முகத்திலே 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று எழுதியிருப்பதை நம்பிக் கிணற்றில் குதிக்கவேண்டாம். மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும் மட்டுமே அந்த வாக்குறுதி. பட்டை பிசினால் ஆனது. வியர்வை பட்டு வளைந்து வளைந்து சில ஆண்டுகளில் துளைக்கருகே வெடிக்கும். ஆனால் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேத்திலும் டிரில்லிலும் நிற்கும் தோழர்கள் எந்தக் கடிகாரமானாலும் கழற்றி வைத்துவிட்டே இயந்திரத்தை ஓட்டவேண்டும். சுழலும் இரும்புக்கு மெலிந்த பட்டை, தடித்த பட்டை என்ற பேதம் கிடையாது. இரயில்வேத் தோழர்களுக்கு ஒரு வசதி: வலப்பக்கப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் மணி 24 மணிக் கணக்குக்கு மாறிவிடும்.

இந்த ஏழைக் கடிகாரத்துக்கும் ஒரு பழி வந்தது. அதையும் சொல்லவேண்டும். குவாண்டனாமோ என்ற இடத்திலே அமெரிக்கச் சர்க்கார் ஒரு சிறை வைத்தது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் சிலருக்கு எதிராக எழுதப்பட்ட காரணங்களிலே ஒன்று, 'இவன் காசியோ எஃப்-91டபிள்யூ கட்டியிருந்தான்' என்பது! ஆப்கானிஸ்தானத்திலே குண்டு செய்யும் பயிற்சியில் அந்தக் கடிகாரம் கொடுக்கப்பட்டது என்றார்கள். குண்டுக்காரர்கள் சிலர் இவ்வகைக் கடிகாரத்தைப் பயன்படுத்தியதும் உண்மைதான். ஆனால் உலகெங்கும் பல இலட்சக்கணக்கில் விற்ற பொருளாயிற்றே! சிறைப்பட்டவர்களே கேட்டார்கள்: எங்களைக் காக்கும் சிப்பாய் கையிலும் இதே கடிகாரம் இருக்கிறதே, அவரும் குற்றவாளியா? பதில் என்ன வந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 2011 இல் வெளியான இரகசியக் கோப்புகளிலும் அந்தக் கடிகாரத்தின் பெயர் இருந்தது. தங்கக் கடிகாரம் கட்டியவனை, தங்கம் கட்டினான் என்பதற்காக எந்த நாட்டுச் சிறையாவது சந்தேகித்ததுண்டா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாட்டாளிகளுக்காக எழுதும் ஏடு அதை மறைக்கக்கூடாது. மலிவு வந்தபோது, வேறொரு நாட்டுப் பாட்டாளி தெருவுக்கு வந்தான். 1970 வாக்கிலே சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலிலே ஏறத்தாழ 90,000 பேர் வேலை பார்த்தனர். 1980களின் நடுவிலே அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதிலே வேதனை என்னவென்றால், குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரியை 1967 லேயே செய்து காட்டியவர்கள் அந்த நாட்டு விஞ்ஞானிகள். ஜப்பானின் சைக்கோ நிறுவனம் 1969 டிசம்பரில் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. விஞ்ஞானி கண்டுபிடித்தான், முதலாளி அலட்சியம் செய்தான், தண்டனையோ கண்ணிலே பூதக்கண்ணாடி வைத்துச் சக்கரம் பொருத்திய தொழிலாளிக்கு!

நம் பக்கத்திலும் அதே பாடந்தான். பெங்களூரில் எச்.எம்.டி. 1961 இல், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஒரு தலைமுறையின் மணிக்கட்டெல்லாம் அதன் கடிகாரந்தான். தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் 1984 இல் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், ஒசூரிலே ஆலை வைத்துக் குவார்ட்ஸை நம்பிக் களத்தில் இறங்கியது. சாவிக் கடிகாரத்தையே பெரிதும் நம்பிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016 இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒசூர் ஓடுகிறது.

வாங்க விரும்பும் தோழர்களுக்கு இரண்டு சொல். நடைபாதையிலே இருநூறுக்கும் முந்நூறுக்கும் அதே முகம், அதே பெயரோடு போலி விற்கிறது. வலப்பக்கத்து ஒற்றைப் பொத்தானை மூன்று, நான்கு வினாடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். அசல் கடிகாரமானால் எண்கள் மறைந்து, முகத்திலே நிறுவனத்தின் பெயர் தோன்றும். அதையும் போலியிலே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் கெட்டிக்காரர்கள். ஆகவே பெயர் தோன்றாவிட்டால் போலி என்று உறுதி, தோன்றினாலும் ரசீதைக் கேளுங்கள்.

இரண்டாவது, இந்தக் கணக்குப்பிள்ளைக்கு லீப் வருடம் தெரியாது. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்றே படித்துவைத்திருக்கிறான். 2028 பிப்ரவரி 28 நள்ளிரவு கடந்ததும் தேதியை 1 என்று காட்டுவான். அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன், கையால் அமுக்கி 29 என்று திருத்திவிடுங்கள். கிழமையும் கூடவே சரியாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.